சம்பளமா, வீட்டு வாசலா?
எரியோட்டு லாரி டிரைவர்கள் போடும் கணக்கு

லாரி ஓட்டத் தெரிந்தவனுக்கு வேலைக்குப் பஞ்சம் இல்லை என்று திண்டுக்கல் சீமையில் சொல்வதுண்டு. இன்று அந்தப் பேச்சு தலைகீழாகிவிட்டது. லாரிக்குத்தான் டிரைவர் பஞ்சம். நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் ஆள் கிடைக்காமல் வண்டிகள் பேட்டையில் நிற்கின்றன என்று லாரி உடைமையாளர்கள் சில வருடங்களாகவே புகார் சொல்லி வருகிறார்கள். இளைஞர்கள் உடம்பை வளைத்து உழைக்கத் தயாராக இல்லை என்று சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். அப்படிக் கோபிப்பதற்கு முன்னால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அதே இளைஞர்கள்தான் மில் வேன் ஓட்டுகிறார்கள். தண்ணீர் லாரி ஓட்டுகிறார்கள். ராத்திரி முழுவதும் கண் விழித்துக் கேரளத்துக்குக் காய்கறி கொண்டுபோகிறார்கள். ஸ்டியரிங்கைப் பிடிக்க அவர்கள் தயங்கவில்லை. வடக்கே போகத்தான் தயங்குகிறார்கள். இத்தனைக்கும் வடக்கே போனால்தான் காசு ஜாஸ்தி.

அப்படியானால் அந்த ஜாஸ்திக் காசுக்காக அவர்கள் கொடுக்கும் விலை என்ன? அது கட்டுபடியாகிறதா? இதைப் பார்க்க எரியோட்டைப் போல வாய்ப்பான ஊர் அதிகம் இல்லை.

இரு சாலைகளுக்கு நடுவே

வேடசந்தூர் தாலுகாவில் உள்ள எரியோடு பெரிய ஊர் அல்ல. ஒரு பேரூராட்சி, கரூர் - திண்டுக்கல் மார்க்கத்தில் ஒரு ரயில் நிலையம், சுற்றிலும் வானம் பார்த்த பூமி. ஆனால் ஊர் அமைந்திருக்கும் இடம் அப்படி. மேற்கே வேடசந்தூருக்குப் போனால் ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரிக்கு வரும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. சுமார் 3,700 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சாலையைப் பழைய டிரைவர்கள் இன்னமும் ‘செவன்’ என்றுதான் சொல்வார்கள். முன்பு அது 7-ஆம் எண்ணாக இருந்தது. தென்கிழக்கே அய்யலூர் பக்கம் போனால் திருச்சி - திண்டுக்கல் நெடுஞ்சாலை. இரண்டுக்கும் நடுவில் எரியோடு.

மழை ஏமாற்றினால் இந்தப் பக்கத்துக் குடியானவனுக்கு இரண்டு வழிதான். ஒன்று நூல் மில்; மற்றொன்று வண்டி. வேடசந்தூர் வட்டாரத்து மில்களில் நூற்கும் நூல் மகாராஷ்டிரத்தின் பிவண்டி, இச்சல்கரஞ்சி போன்ற நெசவு ஊர்களுக்குப் போகிறது. அந்த மில்களுக்கு வேண்டிய பஞ்சு குஜராத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் வருகிறது. போகும்போது நூல், வரும்போது பஞ்சு! கேட்பதற்கு எவ்வளவு சுலபமான கணக்கு. அந்தப் பஞ்சு லோடு எந்த நாளில் கிடைக்கும் என்பதில்தான் டிரைவரின் குடும்ப வாழ்க்கை முழுவதும் அடங்கிக் கிடக்கிறது.

இந்த ஊரில் லைசென்ஸ் வைத்திருக்கும் ஒருவனுக்கு எதிரே எத்தனை வேலைகள் இருக்கின்றன என்று பார்க்கலாம். மில் வேன் ஓட்டினால் கிராமம் கிராமமாகப் போய் ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றி இறக்க வேண்டும். விடிவதற்கு முன் எழுந்தாலும் இரவுக்குள் வீடு வந்து சேரலாம். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றிக் கேரளத்துக்குப் போனால் ராத்திரித் தூக்கம் போகும். மறுநாள் பகலில் வீடு. சென்னைக்கோ பெங்களூருக்கோ பார்சல் வண்டி என்றால் இரண்டு நாளைக்கு ஒரு முறை. டில்லிக்கும் கல்கத்தாவுக்கும் போகும் பத்துச் சக்கர, பன்னிரண்டு சக்கர வண்டி என்றால் புறப்படும் தேதி தெரியும். திரும்பும் தேதி தெரியாது.

தூரம் கூடக் கூட வருமானம் கூடுகிறது. வீட்டில் இருக்கும் நாள் குறைகிறது. வேலைக்கு வேலை உள்ள வித்தியாசம் இதுதான்.

ஒரு ராத்திரியின் விலை

எடுத்துக்காட்டுக்கு இரண்டு டிரைவர்களை வைத்துக்கொள்ளலாம். இது ஊரில் நடப்பில் உள்ள கூலி விகிதம் அல்ல. கணக்கு விளங்குவதற்காகப் போட்ட தொகை என்பதை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும். அவரவர் தொகையைப் போட்டு அவரவர் பார்த்துக்கொள்ளலாம்.

உள்ளூர் டிரைவருக்கு மாதம் ரூ.18,000. இருபத்தாறு நாள் வேலை. நாளைக்கு ஒன்பது மணி நேரம். டீ, பலகாரம் என்று நாளைக்கு ரூ.60 செலவு. மாதம் ரூ.1,560 போக வீட்டுக்கு வருவது ரூ.16,440.

வடக்கே போகும் டிரைவருக்குச் சம்பளமும் பேட்டாவும் சேர்த்து ரூ.30,000. மாதத்தில் இருபத்தைந்து நாள் வெளியே. சாப்பாடு, குளியல், டீ எல்லாம் காசு. நாளைக்கு ரூ.200 என்று வைத்தாலும் ரூ.5,000 போய்விடுகிறது. வீட்டுக்கு வருவது ரூ.25,000.

வித்தியாசம் எவ்வளவு? பார்வைக்கு ரூ.12,000 போலத் தெரிந்தது. கைக்கு வரும்போது ரூ.8,560. அதை இருபத்தைந்து ராத்திரிக்குப் பங்கிட்டால் ராத்திரி ஒன்றுக்கு ரூ.342 ஆகிறது. மனைவி மக்களைப் பிரிந்து, சூடு தணியாத இன்ஜினுக்குப் பக்கத்தில் படுத்து எழும் ஒரு ராத்திரிக்கு அதுதான் விலை!

மணிக் கணக்கில் பார்த்தால் இன்னும் விசித்திரம். வடக்கே போகிறவர் நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓட்டுகிறார் என்றால் மாதம் 300 மணி. மணிக்கு ரூ.83 விழுகிறது. உள்ளூர்க்காரருக்கு 234 மணிக்கு ரூ.70. ஆகவே வடக்கேதான் லாபம் என்று தோன்றும். ஆனால் லோடுக்காகவும் இறக்குவதற்காகவும் வண்டியை விட்டு நகர முடியாமல் காவல் காத்துக்கொண்டிருக்கும் நேரத்தை நாளைக்கு மூன்று மணி என்று சேர்த்துப் பாருங்கள். மாதம் 375 மணி ஆகிவிடுகிறது. மணிக்கு ரூ.67தான்! உள்ளூர் வேன் டிரைவரைவிடக் குறைவு. வண்டியில் படுத்துத் தூங்கும் நேரமும் சரக்குக்குக் காவல்தானே? அதையும் சேர்த்தால் கணக்கு எங்கே போகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதனால் வடக்கே போகிறவர்கள் ஏமாளிகள் என்று ஆகிவிடாது. கடன்காரனுக்கு மணிக் கணக்கு தெரியாது. மாதக் கணக்குதான் தெரியும். பெண்ணின் கல்யாணத்துக்கு வாங்கிய கடனும், வீடு கட்ட வாங்கிய கடனும் ரூ.16,440-ல் அடையாது, ரூ.25,000-ல் அடையும். உள்ளூரில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் உழைக்க ஒருவன் தயாராக இருந்தாலும் அந்த உழைப்பை வாங்க ஆள் இல்லை. வடக்கே போனால் இருபத்துநான்கு மணி நேரத்தையும் விற்கலாம். அதோடு, உள்ளூர் மாடு விலை போகாது என்பது டிரைவருக்கும் பொருந்துகிறது. மில் வேன் ஓட்டுவதற்குப் பத்துப் பேர் காத்திருப்பதால் அங்கே சம்பளம் ஏறுவதில்லை.

சக்கரம் நின்றால்

நெடுந்தூர லாரியில் சம்பளம் பல தினுசு. மாதச் சம்பளம் கொஞ்சம், நாள் பேட்டா கொஞ்சம் என்பது ஒன்று. நடைக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்வது இன்னொன்று. வாடகையில் நூற்றுக்கு இத்தனை என்று வாங்கிக்கொண்டு வழிச் செலவை டிரைவரே பார்த்துக்கொள்வது வேறொன்று. இவற்றில் எது நல்லது என்று டிரைவர்களுக்குள்ளேயே தகராறு உண்டு.

ஒரு நடை என்ன ஆகிறது என்று பார்த்தால் தகராறின் வேர் தெரியும். வேடசந்தூரிலிருந்து டில்லி சுமார் 2,500 கிலோமீட்டர். நாளைக்கு நானூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலே ஓடினால் ஆறு நாளில் போய்விடலாம். திரும்பி வர ஆறு நாள். ஆக, சக்கரம் உருளுவது பன்னிரண்டு நாள். ஆனால் பன்னிரண்டாம் நாள் எந்த டிரைவரும் வீடு வந்து சேருவதில்லை. குடோன் வாசலில் வரிசை. ஞாயிற்றுக்கிழமை கூலியாள் இல்லை. டில்லி நகருக்குள் பகலில் கன வண்டிக்கு அனுமதி இல்லை. பிறகு ரிட்டன் லோடு! புக்கிங் ஆபீஸ் பெஞ்சில் ஒரு நாள், இரண்டு நாள், சில சமயம் நாலு நாள்.

நடைக் கூலிக்கு ஒப்புக்கொண்டவனுக்கு இந்த நாட்கள் எல்லாம் வெறும் நாட்கள். சாப்பாட்டுச் செலவு மட்டும் நிற்பதில்லை. தாமதத்துக்குச் சரக்குக்காரர் சிலர் ஹால்டிங் கொடுக்கிறார்கள். அது லாரி உடைமையாளர் கைக்குப் போகிறது. அதில் டிரைவருக்குப் பங்கு உண்டா என்பது முதலாளியின் மனசைப் பொறுத்தது. விட்ட நாட்களை எப்படிப் பிடிப்பது? ராத்திரியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓட்டித்தான் பிடிக்க வேண்டும். ஆக, குடோன்காரர் வீணாக்கிய பொழுதை டிரைவர் தன் தூக்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்.

சேவ் லைப் அறக்கட்டளை பத்து நகரங்களில் 1,217 டிரைவர்களை விசாரித்து 2020-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. சராசரி டிரைவர் நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரத்தில் 417 கிலோமீட்டர் ஓட்டுகிறார்; ஏறக்குறைய பாதிப்பேர் களைப்போ தூக்கமோ வந்தாலும் வண்டியை நிறுத்துவதில்லை என்று அது சொன்னது. இந்தத் தொழிலுக்கு வரும்படி தங்கள் உறவினருக்குச் சொல்ல மாட்டோம் என்று கூறியவர்கள் நூற்றுக்கு 84 பேர். டிரைவர் பஞ்சத்துக்குக் காரணம் தேடி வெகு தூரம் போக வேண்டியதில்லை. அந்த 84 பேரின் பிள்ளைகளும் மருமகன்களும்தான் இன்று வராமல் இருக்கிறார்கள்.

2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் மாண்டார்கள் என்பது மத்திய சர்க்காரின் கணக்கு. அத்தனைக்கும் லாரியே காரணம் அல்ல. ஆனால் நடுநிசிக்குப் பிறகு நெடுஞ்சாலையில் அரைத் தூக்கத்தில் ஒரு கன வண்டி வருகிறது என்றால், அது எதிரே வருகிறவன் குடும்பத்தின் பிரச்னையும் ஆகிறது.

வீட்டில் என்ன நடக்கிறது?

சம்பளத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. மாதத்தில் நாலைந்து நாள் வீட்டில் இருக்கிறார் என்கிறோம். அந்த நாட்களின் லட்சணம் என்ன? முதல் நாள் தூக்கம். இரண்டாம் நாள் வங்கி, ரேஷன் கார்டுத் திருத்தம், கடன்காரர். மூன்றாம் நாள் உறவு வீட்டுக் காரியம். நாலாம் நாள் ‘வண்டி ரெடி’ என்று போன் வந்துவிடுகிறது. பிள்ளையோடு உட்கார்ந்து பேச ஒரு மத்தியானம் மிஞ்சினால் அதிர்ஷ்டம். பெற்ற குழந்தை இரண்டு நாள் பழக்கம் பிடிபடாமல் அம்மா முந்தானையில் ஒளிந்துகொள்வது டிரைவர் வீடுகளில் சாதாரணமாக நடப்பது.

எரியோட்டுப் பக்கத்தில் இதற்கு ஒரு தனிச் சிக்கலும் உண்டு. டிரைவரின் மனைவி பல வீடுகளில் மில் வேலைக்குப் போகிறவள். மில் மூன்று ஷிப்டாக ஓடுகிறது. கணவன் நாக்பூரிலும் மனைவி ராத்திரி ஷிப்டிலும் இருந்தால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்குப் பாட்டிதான் கதி. பாட்டி இல்லாத வீட்டில் மனைவி மில்லுக்குப் போவதை நிறுத்த வேண்டியதாகிறது. வடக்கே போய்க் கணவன் கூடுதலாகக் கொண்டுவரும் பணத்தில் அவளுடைய மில் சம்பளத்தைக் கழித்துப் பார்த்தால் பல குடும்பங்களில் ஒன்றுமே மிஞ்சாது. நஷ்டமாகக்கூட இருக்கலாம்.

கிணற்றுப் பாசன நிலம் கொஞ்சம் வைத்திருப்பவருக்கு இன்னொரு நஷ்டம். மோட்டார் போட, தண்ணீர் கட்ட, மாடு பார்க்க ஆள் வேண்டும். கூலிக்கு வைத்தால் காசு, வைக்காவிட்டால் தரிசு.

இவை போகப் பணத்தால் எண்ண முடியாதவை உண்டு. தகப்பனார் சாகக் கிடக்கிறார் என்ற செய்தி ஜபல்பூரில் இருக்கும்போது வந்தால் என்ன செய்வது? வண்டியை எங்கே விடுவது, சரக்குக்கு யார் பொறுப்பு? வண்டியை விட்டுவிட்டு ரயிலேறினாலும் சடங்கு முடிந்த பிறகுதான் வந்து சேர முடியும். பண்டிகைகளோ இன்னும் மோசம். சிவகாசிப் பட்டாசு வடநாட்டுக்குப் போவதெல்லாம் தீபாவளிக்கு முன்னால்தானே? ஊரெல்லாம் வீடு திரும்பும் நேரம்தான் லாரிக்கு லோடு குவியும் நேரம்.

கைப்பேசி வந்த பிறகு கொஞ்சம் ஆறுதல் என்பதை மறுக்க முடியாது. தாபாவில் உட்கார்ந்துகொண்டு பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசலாம். பரீட்சை மார்க்கைக் கேட்டுக் கண்டிக்கலாம். ஆனால் ஜுரத்தில் கிடக்கும் பிள்ளையைக் கைப்பேசி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகாது. நாமக்கல் வட்டாரத்து லாரித் தொழிலாளரிடையே 1990-களில் எய்ட்ஸ் தடுப்புப் பணி முனைப்பாக நடக்க வேண்டி வந்ததையும் நெடும் பிரிவின் கணக்கில்தான் எழுத வேண்டும்.

முதலாளி தரப்பு

லாரி உடைமையாளர் என்றதும் பெரிய பணக்காரர் என்று நினைக்க வேண்டாம். இந்த நாட்டு லாரிகளில் மிகப் பெரும் பகுதி ஒன்று முதல் ஐந்து வண்டி வரை வைத்திருக்கும் சிறு ஆட்களின் சொத்து. அவர்களில் பலர் ஒரு காலத்தில் டிரைவர்களாக இருந்தவர்களே. பைனான்ஸ் தவணை, இன்சூரன்ஸ், டோல்கேட், டயர், டீசல் என்று ஐந்து பக்கமும் இழுப்பு. வண்டி நின்றாலும் தவணை நிற்காது. டிரைவருக்கு மாதத்தில் எட்டு நாள் லீவு கொடுத்தால் அந்த எட்டு நாளும் வண்டி நிற்கும்; அல்லது மாற்று டிரைவர் வேண்டும். அந்த மாற்று டிரைவர்தான் கிடைப்பதில்லையே!

சொந்த வண்டியைத் தானே ஓட்டுகிறவரின் நிலை இன்னும் வேடிக்கை. லீவு கேட்க முதலாளி இல்லை. ஆனால் லீவே இல்லை. தனக்குத்தானே இரங்காத முதலாளி இவர் ஒருவர்தான்.

ஒரு காலத்தில் நெடுந்தூர வண்டியில் இரண்டு டிரைவர், ஒரு கிளீனர் இருந்தார்கள். தேசிய பர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்று விதியே இருந்தது. வாடகை கட்டாத காரணத்தால் முதலில் கிளீனர் மறைந்தார். பிறகு இரண்டாவது டிரைவரும் ஏட்டளவில் நின்றார். 2018-ல் மத்திய சர்க்கார் அந்த விதியையே எடுத்துவிட்டது. அன்றிலிருந்து ஒருவரே டிரைவர், ஒருவரே காவல்காரர், ஒருவரே கணக்குப்பிள்ளை. மாற்றிவிட ஆள் இல்லாத வண்டியில் வீட்டு நாள் எங்கிருந்து வரும்? டிரைவர் குறைவு, ஆகவே இருக்கிறவருக்கு லீவு குறைவு. லீவு குறைவு, ஆகவே புதிதாக வருகிறவர் குறைவு.

சட்டம் சொல்வது

சட்டத்தில் வீட்டு நேரம் இல்லாமல் இல்லை. 1961-ல் இயற்றிய மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலை நேரத்தை வகுத்தது. நெடுந்தூர மார்க்கங்களில் அனுமதி பெற்றுக் கூட்டினாலும் பத்து மணிக்கும், வாரம் 54 மணிக்கும் மேலே போகக் கூடாது. ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் நடுவே ஒன்பது மணி நேர ஓய்வு, வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, சம்பளத்தோடு வருடாந்திர லீவு எல்லாம் அதில் இருந்தன. படித்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருக்கும். ஆனால் ஐந்து தொழிலாளருக்குக் குறைவாக உள்ள நிறுவனத்தை அது தொடவில்லை. ஒற்றை வண்டி, இரட்டை வண்டிக்காரர்களே நிறைந்த தொழிலில் அது யாரைத் தொட்டது?

2025 நவம்பர் 21-ல் நான்கு புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் அமலுக்கு வந்தன. 1961 சட்டம் அவற்றில் ஒன்றோடு கரைந்துபோயிற்று. புதிய சட்டத்திலும் எட்டு மணி நேரம் இருக்கிறது. கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி இருக்கிறது. ஆனால் மோட்டார் நிறுவனத்துக்கு எல்லை ஐந்திலிருந்து பத்துத் தொழிலாளராக உயர்ந்துவிட்டது. வலையின் கண் பெரிதாகிவிட்டது. சிறு மீன்கள் முன்னிலும் சுலபமாக வெளியே போய்விடும். அந்த மீன்களோடு டிரைவர்களும் வெளியே போகிறார்கள் என்பதுதான் சங்கடம்.

மற்றப்படி சர்க்கார் சில சௌகரியங்களைச் செய்யாமல் இல்லை. புதிய கன லாரிகளின் கேபினுக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்ற விதி 2025-ல் வந்தது. நெடுஞ்சாலைகளில் டிரைவர்களுக்கு ஆயிரம் ஓய்வு இல்லங்கள் என்று 2024 பிப்ரவரியில் பிரதமர் அறிவித்தார். எண்ணெய்க் கம்பெனிகள் பெட்ரோல் பங்குகளில் படுக்கை, குளியலறையோடு தங்குமிடம் அமைத்து வருகின்றன. அதற்கு ‘அப்னா கர்’, அதாவது ‘நம் வீடு’ என்று பெயர். நல்ல காரியம்தான், பெயர்தான் கொஞ்சம் உறுத்துகிறது. வழியில் நல்ல படுக்கை கிடைப்பது வேறு, வீட்டுக்குப் போவது வேறு.

அயல்நாட்டில்

ஐரோப்பிய யூனியனில் நாளைக்கு ஒன்பது மணி நேரம்தான் ஓட்டலாம். வாரத்தில் இரண்டு நாள் பத்து மணி வரை போகலாம். நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி ஓய்வு. கருவி பதிவு செய்கிறது, ஏமாற்ற முடியாது. 2020-ல் அவர்கள் மேலும் ஒரு படி போனார்கள். நான்கு வாரத்துக்கு ஒரு முறையாவது டிரைவர் வீட்டுக்கோ கம்பெனியின் இருப்பிடத்துக்கோ திரும்பும்படி வேலையை வகுக்க வேண்டியது முதலாளியின் கடமை என்று சட்டம் செய்தார்கள். கூடவே லாரியும் எட்டு வாரத்துக்கு ஒரு முறை சொந்த நாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. சில நாடுகள் கோர்ட்டுக்குப் போயின. 2024 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. லாரி திரும்ப வேண்டும் என்ற விதி ரத்து. மனிதன் திரும்ப வேண்டும் என்ற விதி செல்லும்!

ஜப்பானில் 2024 ஏப்ரல் முதல் லாரி டிரைவரின் கூடுதல் வேலை நேரத்துக்கு வருடம் 960 மணி என்று உச்சவரம்பு வந்தது. சரக்கு தேங்கிவிடும் என்று பெரும் கவலை எழுந்தது. அந்தக் கவலையே கம்பெனிகளைக் காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கும் வழி தேட வைத்தது. அமெரிக்காவில் பதினொரு மணி நேர வரம்பும், 2017 டிசம்பர் முதல் மின்னணுப் பதிவுக் கருவியும் உண்டு. ஆனால் அங்கேயும் பல டிரைவர்களுக்கு மைல் கணக்கில்தான் கூலி. குடோன் வாசலில் காத்திருப்பதற்கு ஒழுங்கான கூலி இல்லை என்ற குறை தீரவில்லை. பணக்கார நாடு என்பதால் இந்த வியாதி அங்கே இல்லாமல் போகவில்லை.

மாற்றி ஓட்டினால்?

எரியோட்டு ஸ்டேஷன் வழியாகப் போகும் கூட்ஸ் வண்டியை யாரும் ஒரே டிரைவர் டில்லி வரை ஓட்டிக்கொண்டு போவதில்லை. வழியில் ஆள் மாறுகிறது, சரக்கு போகிறது. ரயில் டிரைவர்களுக்கும் ஓய்வு போதவில்லை என்ற மனக்குறை உண்டுதான். என்றாலும் இருபது நாள் வீடு காணாத ரயில் டிரைவர் இல்லை. பழைய காலத்துத் தபால்காரன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியதும் அடுத்த ஓட்டக்காரன் நிற்கும் இடம் வரைதான்.

லாரியில் இதைச் செய்து பார்த்தவர்களும் உண்டு. 2014-ல் தொடங்கிய ரிவிகோ என்ற கம்பெனி நெடுஞ்சாலையில் நிலையங்கள் அமைத்தது. ஒரு டிரைவர் நாலைந்து மணி நேரம் ஓட்டி வண்டியை அடுத்தவரிடம் ஒப்படைப்பார். எதிரே வரும் வண்டியை எடுத்துக்கொண்டு அன்றே ஊர் திரும்புவார். டிரைவர்களுக்கு வீடு கிடைத்தது. சரக்கும் சீக்கிரம் போயிற்று. ஆனால் கம்பெனிக்கு லாபம் கிடைக்கவில்லை. 2022-ல் அதன் துரிதச் சரக்குப் பகுதியை மகிந்திரா லாஜிஸ்டிக்ஸ் வாங்கிக்கொண்டது. இரு பக்கமும் ஓயாமல் லோடு இருந்தால்தான் இந்த ஏற்பாடு நிற்கும். ஒரு பக்கம் நிறைந்தும் மறு பக்கம் காலியாகவும் ஓடினால் கட்டாது.

அதனால் இந்த யோசனை செத்துவிட்டது என்று சொல்ல முடியாது. வேடசந்தூரிலிருந்து சேலம் சுமார் 150 கிலோமீட்டர். லாரிக்கு மூன்று மணிப் பிரயாணம். மதுரை, திண்டுக்கல் பக்கத்து வண்டிகளை ஒரு டிரைவர் சேலம் வரை கொண்டுபோய் விட்டுத் தெற்கே வரும் வண்டியோடு திரும்பினால் ராத்திரிச் சாப்பாடு எரியோட்டில்தான். இதற்குக் குறுக்கே நிற்பது தூரம் அல்ல, நம்பிக்கை. ஒரு வண்டியில் பல கை பட்டால் டீசல் கணக்குக்கு யார் ஜவாப்தாரி, டயர் தேய்ந்தால் யாரைக் கேட்பது என்று உடைமையாளர் கேட்கிறார். இந்தக் கேள்வி நியாயமானது. வண்டிக்கு ஒரு டிரைவர் என்று ஒப்படைத்தால் அவர் அதைத் தன் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிறார் என்பதும் உண்மை. இதற்கு விடை கூட்டாகத்தான் கிடைக்கும். தனித் தனியே மூன்று வண்டி வைத்திருக்கும் பத்துப் பேர், முப்பது வண்டியாகச் சேர்ந்தால் மாற்று டிரைவரும் வைக்கலாம். முறை போட்டு லீவும் கொடுக்கலாம்.

அது வரும்போது வரட்டும். இன்று வேலைக்குச் சேருகிற டிரைவர் சம்பளத் தொகையை மட்டும் கேட்டுவிட்டுச் சாவியை வாங்கக் கூடாது. நிற்கும் நாளுக்குப் பேட்டா உண்டா? ஹால்டிங்கில் பங்கு உண்டா? இத்தனை நடைக்கு இத்தனை நாள் வீடு என்பது பேச்சில் இருக்கிறதா, அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா? வழியில் போலீஸ் அபராதமும் ஏற்றுகூலி மாமூலும் யார் தலையில்? முன்பணம் வாங்கினால் மாதம் எவ்வளவு பிடிப்பார்கள்? முன்பணம்தான் பல டிரைவர்களைப் பிடிக்காத வண்டியில் கட்டிப்போடுகிறது. சமூக நலத் திட்டங்களுக்கு ஓட்டுநர் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளவும் பலர் மறந்துவிடுகிறார்கள்; வீட்டில் இருக்கும் நாலு நாளில் அதற்கு ஏது நேரம்?

சில டிரைவர்கள் இந்தப் பக்கத்தில் ஒரு நடுவழி கண்டிருக்கிறார்கள். கடன் இருக்கும் வரை வடக்கு. கடன் தீர்ந்ததும் கேரளக் காய்கறி வண்டி அல்லது மில் வேன். யோசனை சரியானதுதான். ஆனால் வடக்கு வருமானத்தை நம்பி வாங்கும் அடுத்த கடன்தான் அதைக் கெடுக்கிறது. முதல் கடன் தீரும் வருடத்தில் பிள்ளைக்குக் காலேஜ் சம்பளம் கட்டும் வருடமும் வந்து நிற்கிறது. அவரும் தார்ப்பாயை மடித்து மேலே ஏற்றி, கயிற்றை இழுத்துக் கட்டி, ‘இந்த ஒரு வருடம்தான்’ என்று வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படுகிறார்.